எலுமிச்சைச் செடிக்குப் போன் காட்டிய ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போய், ஒரு எலுமிச்சைச் செடிக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அமெரிக்காவில் இருக்கும் ஓர் அம்மாள் போனுக்குள்ளிருந்து தெலுங்கும் தமிழும் கலந்து செடியை நலம் விசாரிப்பார். இலை எப்படி இருக்கிறது, எறும்பு ஏறுகிறதா, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் கேட்பார். செடி பதில் சொல்லாது. பதில் சொல்ல வேண்டிய நானும் பாதிக் கேள்விக்குச் சொல்வதில்லை. எதிர் வீட்டு மாடிக்குத் துணி காயப்போட வருகிறவர்கள் இரண்டு வாரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

தூர தேசம் போனவர்கள் எழுதினால் விமானம், பனி என்று சொல்ல நிறைய இருக்கும். நான் வந்தது மூன்று பஸ். செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து திருத்தணி, திருத்தணியிலிருந்து திருப்பதி. காலையில் கஞ்சி குடித்துவிட்டு ஏறினால் மதியச் சோற்றுக்கு வந்து சேரலாம். இது ஒரு தூரமா என்று ஊரில் கேட்பார்கள். ஆனால் திருத்தணி தாண்டியதும் கடைப் பலகையில் எழுத்து மாறிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்து, எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படித்துப் பழகியவள் நான். அந்தப் படிப்பு திருத்தணியோடு இறங்கிக்கொண்டது. வீட்டுக்காரர் போன மறு வருஷம் மகன் பாஸ்கர் என்னை இங்கே அழைத்து வந்தான். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. விடியும்போதே கம்பெனி பஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். மருமகள் கலா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு வருஷத்தில் அவள் தெலுங்கில் சண்டையே போடுகிறாள். நான் காய்கறி வண்டியில் கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டிவிட்டு, அரை கிலோவுக்குக் கையைப் பாதியாக வெட்டிக் காட்டுவேன். ஊரிலேயே நான் அதிகம் பேசுகிறவள் கிடையாது. இங்கே அதற்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரம்மா சுசீலம்மா. சித்தூர்க்காரர், அதனால் நம் தமிழும் வரும். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், என்னை அக்கா என்பார். அவருடைய ஒரே மகள் லாவண்யா அமெரிக்காவில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சுசீலம்மா இந்த ஊர் அம்மன் கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு ஒரு குழந்தை நல்லபடியாகப் பிறந்தால், அடுத்து வரும் ஜாத்திரைத் திருவிழாவுக்கு இருபத்தொரு எலுமிச்சம்பழம் கோத்து மாலை சாற்றுகிறேன். கடையில் வாங்காமல், என் வீட்டில் காய்த்த பழமாகவே சாற்றுகிறேன் என்று. வேண்டிக்கொண்ட வாரமே ஒரு ஒட்டுக் கன்று வாங்கி, நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைத்தார். போன புரட்டாசியில் மகளுக்கு ஆறாம் மாதம், செடியிலும் பூ. ஐப்பசிக் கடைசியில் சுசீலம்மா விமானம் ஏறினார். திரும்பி வருவது சித்திரையில், ஜாத்திரைக்கு முன்னால் என்று ஏற்பாடு.

கிளம்புகிற அன்று என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, இந்தச் செடி பொழுதுபோக்குக்கு வெச்ச செட்டு இல்ல. கங்கம்மாவுக்குச் சொன்ன செட்டு. உன் கைல ஒப்படைச்சிட்டுப் போறேன்."

"எனக்கு இன்னாம்மா தெரியும், வேற யார்கிட்டனா..."

"வேற யாரு இருக்காங்க? எல்லாரும் பேசறாங்க. நீதான் பேசாம வேல செய்யற." என் ஆட்காட்டி விரலைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினார். "ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா நீள்ளு ஊத்து. ஈரம் தட்டுச்சா, வத்து." வேண்டாம் என்று கையையும் ஆட்டினார்.

ஊரில் எங்களுக்கும் ஒரு எலுமிச்சை மரம் உண்டு, குளியலறைக்குப் பின்னால். அதை யாரும் வளர்க்கவில்லை. குளித்த தண்ணீர் அதன் காலடியில் ஓடியது, அது காய்த்தது. ஊறுகாய் போடும்போதும் யாருக்காவது பித்தம் வந்தபோதும் மட்டும் அதன் நினைவு வரும். தொட்டியில் நிற்கும் செடி வேறு மாதிரி என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. தரையில் நிற்பது தனக்கு வேண்டியதைத் தேடிப் போய்க்கொள்ளும். தொட்டிச் செடிக்கு நாம் ஊற்றுவதுதான் ஊர், உலகம் எல்லாம். நல்லதை ஊற்றினாலும் அதுதான் குடிக்க வேண்டும், கெட்டதை ஊற்றினாலும் அதுதான்.

காலையில் முதல் வேலையாக விரலை விட்டுப் பார்ப்பேன். டிரம் மூன்று செங்கல் மேல் இருக்கிறது. அடியில் இருக்கும் ஓட்டைகளை மண் அடைக்காமல் குச்சியால் குத்தி விடுவேன். ஒட்டுக்குக் கீழே முள்ளும் தானுமாகக் கிளம்பும் துளிரை உடனே ஒடித்துவிட வேண்டும். விட்டால் மேலே இருப்பதன் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். இலை மேல் குருவி எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது எச்சம் இல்லை, புழு. ஒரு நாள் சும்மா விட்டால் கிளையை மொட்டையடித்துவிடும். மாதம் இரண்டு தடவை கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறப்போட்டு, தெளிவை மட்டும் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுவேன். நாற்றத்துக்குக் கலா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தை, உங்க செடி சாப்பிட்டா நாம சாப்பிட முடியாது" என்பாள். கார்த்திகையில் பூ எல்லாம் பிஞ்சாகிவிட்டது. மார்கழிக் குளிரில் சுண்டைக்காய் அளவு. தையில் லாவண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தன்விகா என்று பேர் வைத்தார்கள். குழந்தையைக் காட்டிய கையோடு சுசீலம்மா கேட்டார்:

"என்னி காயலு அக்கா? எண்ணிக் காட்டு. ஒண்ணு ஒண்ணா வேல், விரல் வெச்சிக் காட்டு."

அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக்கூடாது, எண்ணவும் கூடாது. அழுகிவிடும். பூசணிப் பிஞ்சைக் காட்ட வேண்டி வந்தால்கூட விரலை மடக்கி முட்டியால்தான் காட்டுவோம். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் ஊர் வழக்கம் எப்படியோ, குழந்தை பிறந்திருக்கும் நேரத்தில் அழுகல் என்ற பேச்சை எடுப்பதா? "நெறைய கீதும்மா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். "எண்ணு அக்கா, உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று சிரித்தார். தெரியாது என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய தப்பு அந்த நாளிலேயே நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரு குடம் குடிநீர் தருவதற்கு இரண்டு குடம் தண்ணீரை ஒரு சின்னக் குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்பும். வந்த புதிதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கோடையில் கைபம்பு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பாதி நாள் உட்கார்ந்திருந்தவள் நான். கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரைக் கண்ணெதிரே ஓடவிட மனசு வரவில்லை. கார்த்திகை கடைசியில் மழை விட்டதும் அந்தக் குழாயடியில் ஒரு பக்கெட் வைத்தேன். நிறைந்ததும் மாடிக்குத் தூக்கிப் போய்ச் செடிக்கு ஊற்றினேன். புண்ணியம் செய்கிற மாதிரிதான் இருந்தது. கலாகூட, "அத்தையைப் பாருங்க, ஒரு சொட்டு வீணாக்க மாட்டாங்க" என்று பாஸ்கரிடம் பெருமையாகச் சொன்னாள்.

மாசி முதல் வாரத்தில் இலை நுனிகள் நெருப்பு பட்டது போலக் கருகின. பிறகு காய்கள் விழத் தொடங்கின. நெல்லிக்காய் அளவில் பச்சையாகக் காம்போடு விழுந்தன. விழுந்தவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு கீழே வருவேன். விழுந்ததை எண்ணலாம், அதற்குத் தடை இல்லை. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் கருகாத பக்கமாகப் பார்த்து நின்று போனைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். "பாகா உந்தி, நல்லா இருக்கு" என்று சுசீலம்மா அங்கே சந்தோஷப்படுவார். நான் போனுக்குப் பின்னால் நிற்பேன். அந்தப் பக்கத்துக்குச் செடி மட்டும்தான் தெரியும். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு அவர் போனை வைத்த பிறகு பாஸ்கரிடமும் கலாவிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் பாஸ்கர். "மார்க்கெட்ல மூட்டை மூட்டையா கீது. கொறையறத வாங்கிக் கோத்துடலாம். அந்தம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அந்தம்மாவுக்குத் தெரியாதுடா. வேண்டிக்கினது அந்தம்மாவுக்கா?"

"அப்போ செடியையாவது காப்பாத்துங்க அத்தை, மிச்சம் இருக்கிறது நிக்கட்டும்" என்றாள் கலா. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அன்றைக்கு உருப்படியாகப் பேசியது.

தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் செடி விற்பார். கருகின இலை இரண்டையும், தொட்டி மண்ணில் ஒரு பிடியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவரிடம் போனேன். பேச வார்த்தை இல்லாததால் முடிச்சை அவிழ்த்து வண்டி மேல் வைத்தேன். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணில் மாவு தூவியது போல வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு" என்றார். தெலுங்கிலும் அது உப்புதானாம். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் திரட்டி அந்தச் சின்னக் குழாயில் விடுகிறது மெஷின். அதைத்தான் மூன்று மாதமாகச் சொட்டு வீணாக்காமல் செடிக்குப் புகட்டியிருக்கிறேன்.

உப்பை அலசி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். ஏ.சி. தண்ணீரில் உப்பே இருக்காது என்று கலா கடையில் விசாரித்து வந்தாள். பக்கத்து வீட்டு ஏ.சி. குழாய் எங்கள் படிக்கட்டு ஓரமாகச் சொட்டும். நான் போய் அதன் கீழே ஒரு பக்கெட் வைத்தேன். அந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கைகூப்பி என்னென்னவோ சொன்னார். நானும் கைகூப்பினேன். மறுநாள் பிளம்பரைக் கூட்டி வந்து குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டார். எங்கள் பக்கம் சொட்டுகிறது என்று நான் பக்கெட் வைத்துக் குறை காட்டியதாக நினைத்துவிட்டார் பாவம். கலா சாயந்திரம் போய் விளக்கிச் சொன்னாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. திரும்பவும் அதே பிளம்பர், திரும்பவும் அதே குழாய். அதன் பிறகு தினமும் அரை பக்கெட் நிறைந்தது. சேர்த்துச் சேர்த்து, அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் தெளிவாக வடியும் வரை பலமுறை அலசினேன். அந்தத் தண்ணீரில் சத்தும் கிடையாது என்பதால் பிண்ணாக்குத் தெளிவை முன்னைவிட அடிக்கடி விட்டேன். பங்குனி நடுவில் விழுவது நின்றது. கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. செடி பிழைத்துக்கொண்டது. விழுந்த காய் விழுந்ததுதான்.

பங்குனிக் கடைசி ஞாயிறு. சுசீலம்மா வழக்கம் போல, "என்னி காயலு?" என்றார். இன்னும் சொல்லாமல் இருந்தால் பாஸ்கர் சொன்னதைத்தான் நானும் செய்வேன் என்று அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. கலா பலமுறை காட்டியிருக்கிறாள், போனில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் படம் நம் பக்கம் திரும்பும். தொட்டேன். செடி போய் என் முகம் வந்தது. எண்ணெய் வழிகிற முகம், கலைந்த தலை.

"சுசீலம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். உப்புத் தண்ணி ஊத்திட்டேன். காய் கொட்டிப் போச்சு. நெறைய கீதுன்னு சொன்னது பொய்."

நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அவர் கண் சிமிட்டியது தெரிந்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கை குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டது.

"எந்துக்கக்கா ஒரு மாட்ட, ஒரு வார்த்த சொல்லல?" என்றார் மெதுவாக. "வாரம் வாரம் கேட்டேனே."

நான் பிஞ்சை விரல் நீட்டி எண்ணக்கூடாது என்ற கதையைச் சொன்னேன். பாதி அழுகை, பாதி பேச்சு. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அட, எங்க அம்மாவும் அதே சொல்லும்" என்றார். "நான் இங்க வந்து உக்காந்து மறந்துட்டேன். இப்ப பழுக்கப் போகுது, இனி பிஞ்சு இல்ல. எண்ணு."

முட்டியால்தான் எண்ணினேன். பதினான்கு.

பிறகு அவரும் ஒன்றைச் சொன்னார். குழந்தை எடை ஏறவில்லை, மகள் விடமாட்டேன் என்கிறாள், இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள். ஜாத்திரைக்கு வரப்போவதில்லை. நாலு வாரமாக இதைச் சொல்ல வாய் வரவில்லையாம். "நீ செட்டு பின்னால தாக்கிக்கிட்ட, நான் பாப்பா பின்னால" என்றார். ஒளிந்துகொண்டதைத்தான் சொன்னார்.

"அப்போ மாலை?"

"நீதான் எடுத்துப் போகணும்."

"ஐயோ, நானா? அந்தக் கூட்டத்துல?"

"வேற எவரு?" என்று அதட்டினார். "ஆயிரம் இருக்கட்டும், பதினாலு பத்தாது. இன்னும் ஏழு வேணும். கடைக் காய் ஆகாது, இண்ட்டி காய், வீட்டுக் காய்தான் சொன்னேன்." குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டார். "அக்கா, மீ ஊர்ல உங்க வீட்டுல செட்டு உந்தா?"

"குளிக்கிற எடத்துக்குப் பின்னாடி ஒண்ணு கீது."

"அந்த வீட்டுக் காய எடுத்துக்கோ. இந்த இல்லு, வீடு என்து, ஆனா இருக்கறது நீ. கங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

வருஷக் கணக்கில் பிள்ளைக்காக ஏங்கி வேண்டிக்கொண்டவர், என் வீட்டுக் காயைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். சரி என்று தலையை ஆட்டினேன். படம் என் பக்கம் இருந்ததால் அது அவருக்குத் தெரிந்தது.

பழம் கொண்டுவர ஊருக்குப் போனேன். வீடு இப்போது கொழுந்தனார் குடும்பத்திடம் இருக்கிறது. ஓரகத்தி சரோஜா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, திருப்பதில இருந்து லட்டு எடுத்துக்கினு வருவன்னு பாத்தா, எலுமிச்சம்பழத்துக்கு வந்துகீறியா?" தொட்டிச் செடி கதையைச் சொன்னேன். "செடிக்கு ஏசி தண்ணியா! என் வூட்டுக்காரருக்கே பேன் காத்துதான்" என்றாள். குளித்த தண்ணீருக்கு இப்போது பைப் போட்டுத் தெருக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள். மரத்துக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. நான் ஏழு பழம் மட்டும் பறித்தேன். "ஒரு கூடை எடுத்துக்கினு போயேன்" என்றாள் சரோஜா. வேண்டாம் என்றேன். கூட எடுத்தால் எது கணக்கு என்று எனக்கே குழம்பிவிடும்.

மாலையை நானே கோத்தேன். செய்யாற்றுப் பழம் பெரியது, தோல் வழுவழுப்பு. தொட்டிப் பழம் சின்னது, தோல் கொஞ்சம் தடிப்பு. இரண்டு இது, ஒன்று அது என்று கோத்தபோது கணக்குச் சரியாக வந்தது. ஜாத்திரைக் கூட்டத்தில் ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு வேண்டுதலுக்காக வேஷம் கட்டி வருவார்கள். போன வருஷம் வீட்டு வாசலில் நின்று பார்த்துப் பயந்து உள்ளே போனவள் நான். இந்த முறை அவர்கள் நடுவிலேயே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பட்டுச்சேலையும் பெரிய மீசையுமாக ஒருவர். உள்ளே போனதும் பூசாரி என் கையைப் பார்த்து, "எவரி பேரு மீத?" என்றார். யார் பேரில் என்று கேட்கிறார். மூன்று வாரமாகப் பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது காற்று மாதிரி. மீசைக்காரர் குனிந்து காதைக் கொடுத்தார். "சுசீலம்மா. சித்தூரு. பொண்ணு லாவண்யா. பேத்தி தன்விகா" என்று அவர் காதில் சொன்னேன். அவர் வளையல் குலுங்கக் கையைத் தூக்கிக் கோயிலே அதிரக் கூவினார். பிறகு என்னைப் பார்த்து, "மீ பேரு, பெத்தம்மா?" என்றார். என் பேர் எதற்கு என்று தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. சொன்னேன். அதையும் கூவினார்.

பூசாரி மாலையை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் எலுமிச்சை மாலைகள் குவிந்திருந்தன. என் மாலை எங்கே விழுந்தது என்று கண்ணால் பிடித்து வைக்கப் பார்த்தேன். அதற்குள் மேலே இன்னும் இரண்டு விழுந்துவிட்டன. பின்னாலிருந்து தள்ளினார்கள். குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார் பூசாரி.

அந்தப் பழத்தை நறுக்கவில்லை. சுசீலம்மா வந்தால் கொடுக்கலாம் என்று சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். இப்போது காய்ந்து, சுருங்கி, கறுத்து, கல் மாதிரி ஆகிவிட்டது. குழந்தை எடை ஏறிவிட்டதாம், குப்புற விழுகிறதாம். செடியில் புதிதாகப் பூ வந்திருக்கிறது. போன ஞாயிறு செடியைக் காட்டிய பிறகு அந்தப் பழத்தையும் போன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"எவரி காய அக்கா இது? நம்மதா, மீ ஊருதா?"

உருட்டிப் பார்த்தேன். சின்னதுதான், ஆனால் காய்ந்தால் பெரியதும் சின்னதாகிவிடும். தோலைத் தடவினேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஊரே தெரியாத மூன்றாவது ஆள் வீட்டுப் பழமாகவும் இருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே விதை உருளுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவருக்கும் கேட்கட்டும் என்று போனுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன்.